உடம்புக்கும் ஞாபகம் உண்டு

(எமது சங்கத்தின் சுகநலக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை. புத்தாண்டு மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



நான் ஒரு டொக்டர் இல்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊரில் உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். அதோடு படிப்பு நின்றுவிட்டது. இங்கே ஜேர்மனியில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் சிப்ட் வேலை செய்கிறேன். "வருத்தங்களை உடம்பு எப்பிடி எதிர்க்குது எண்டு சனத்துக்கு விளங்கிற மாதிரி ஒருக்கால் சொல்லு தம்பி" என்று செயலாளர் அண்ணை கேட்டார். மருந்து சொல்ல எனக்குத் தகுதி இல்லை. படித்ததையும் பின்பு தேடி வாசித்ததையும் எனக்கு விளங்கிய அளவில் சொல்லுகிறேன்.

இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்களில் பலரிடம் தடுப்பூசி அட்டை இல்லை. இடம்பெயரும்போது உறுதியும் போனது, பிறப்புப் பத்திரமும் போனது, சின்ன வயதில் ஊசி போட்ட அட்டையும் போனது. "எனக்குப் போட்டதோ இல்லையோ தெரியாது" என்று சொல்லுபவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். இன்னொரு பக்கம், பிறந்த பிள்ளைக்கு ஊசி போடுவதா, கொஞ்சம் வளரட்டும் என்று பார்ப்பதா என்று யோசிக்கும் பெற்றோரும் இருக்கிறீர்கள். இந்த இரண்டு கேள்விக்கும் மறுமொழி உடம்பின் வேலைமுறையிலேயே இருக்கிறது. அதை முதலில் பார்ப்போம்.

நோயை எதிர்த்து நிற்கும் உடலின் ஆற்றலை எங்கள் பாடப்புத்தகத்தில் நிர்ப்பீடனம் என்று படித்தோம். இந்தியத் தமிழர் நோய் எதிர்ப்புச் சக்தி என்பார்கள். வழக்கமாக இதைச் சொல்ல வருபவர்கள் இராணுவம், காவலரண், ஷெல்லடி என்று உவமை சொல்லுவினம். அந்தச் சாமான்களை நாங்கள் கண்டது காணும். எனக்குத் தெரிந்த தொழிற்சாலையை வைத்தே சொல்லுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் உற்பத்திப் பகுதிக்குள் நினைத்தபடி நுழைய ஏலாது. உடுப்பு மாற்றி, தலைக்கு வலை போட்டு, கை கழுவி, கிருமிநாசினி பூசி, சப்பாத்தையும் கழுவின பிறகுதான் உள்ளே விடுவார்கள். உடம்பின் வாசலும் அப்படித்தான். தோல் ஒரு முழுச் சுவர். மூக்கிலும் சுவாசக் குழாயிலும் ஒட்டும் சீதம் இருக்கிறது. உள்ளே வரும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். அங்கேயுள்ள நுண்ணிய மயிர்கள் அதை மேல்நோக்கித் தள்ளிவிடும். புகைபிடிப்பவர்களுக்கு இந்த மயிர்கள்தான் முதலில் கெட்டுப்போகின்றன. இரைப்பையில் கடுமையான அமிலம். கண்ணீரிலும் உமிழ்நீரிலும் இலைசோசைம் என்ற நொதியம் உண்டு. அது சில பற்றீரியாக்களின் சுவரையே உடைத்துவிடும். பின்னாளில் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங்தான் 1922இல் இதைப் பற்றி எழுதியவர்.

ஆனால் கை வெட்டுப்பட்டால் சுவர் திறந்துவிடும். அப்போது இரண்டாவது ஏற்பாடு தொடங்குகிறது. முள்ளுக் குத்தின இடம் சிவந்து, வீங்கி, சுட்டு, நோவதை எல்லோரும் அனுபவித்திருப்போம். இதை அழற்சி என்பார்கள். காயப்பட்ட இடத்திலுள்ள கலங்கள், அதாவது செல்கள், இரசாயனச் சைகை கொடுக்கின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெண்குழியங்கள் குழாய்ச் சுவரினூடாக நெரித்துக்கொண்டு வெளியே வந்து கிருமிகளை விழுங்குகின்றன. சிலவேளை காயத்தில் வரும் சீழ் என்பது பெரும்பாலும் இப்படி வேலை செய்து செத்த வெண்குழியங்கள்தான். இவற்றுக்கு ஆயுள் மிகவும் குறைவு. ஆகவே எலும்புக்குள் இருக்கும் மச்சை ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய பத்தாயிரம் கோடி புதிய குழியங்களை உண்டாக்கி அனுப்புகிறது. மூன்று சிப்ட் ஓடினாலும் எந்தத் தொழிற்சாலையும் இதற்குக் கிட்ட வராது.

இந்த விழுங்கும் வேலையை முதலில் விளங்கப்படுத்தியவர் மெச்னிக்கோவ் என்ற விஞ்ஞானி. 1882இல் இத்தாலியின் மெசீனா நகரில், கண்ணாடி போல உள்ளே தெரியும் நட்சத்திர மீனின் குடம்பி ஒன்றில் ஒரு சின்ன முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தபோது நகரும் கலங்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து நின்றன. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்டவர் ஜேர்மனியரான போல் ஏர்லிச்.

காய்ச்சலும் இந்த இரண்டாவது ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். உடம்பு தன் சூட்டைத் தானே கூட்டுகிறது. அந்தச் சூட்டில் பல கிருமிகள் பெருகுவது குறையும், வெண்குழியங்களின் வேலை கூடும். அதற்காகக் காய்ச்சலைக் கவனிக்காமல் விடச் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குச் சூடு 38 பாகைக்கு ஏறினால் உடனே டொக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

இதுவரை சொன்ன இரண்டும் எந்தக் கிருமி வந்தாலும் ஒரே மாதிரித்தான் வேலை செய்யும். ஆள் யார் என்று பார்ப்பதில்லை. மூன்றாவது ஏற்பாடு ஆளைப் பார்த்து வேலை செய்வது. அதுதான் இன்றைய பேச்சின் முக்கியமான இடம்.

எங்கள் இரத்தத்திலும் நிணநீரிலும் நிணநீர்க்குழியங்கள் என்ற கலங்கள் கோடிக்கணக்கில் சுற்றுகின்றன. இவற்றில் பி கலம், ரி கலம் என்று இரண்டு பெரிய வகை. ஒவ்வொரு கலமும் ஒரேயொரு வடிவத்தை மட்டும் அடையாளம் காணும். ஒன்றுக்குச் சின்னமுத்து வைரசின் ஒரு துண்டு பொருந்தும், இன்னொன்றுக்கு ஏற்புவலிக் கிருமியின் நஞ்சு பொருந்தும். இன்னும் உலகத்தில் தோன்றாத கிருமிக்குப் பொருந்துகிற கலமும் இருக்கலாம். இவ்வளவு விதம் எப்படி வந்தது? கலம் உருவாகும்போது பரம்பரையலகின் துண்டுகள் சீட்டுக் குலுக்குவதுபோல மாற்றி அடுக்கப்படுகின்றன. 1976இல் சுவிற்சலாந்தின் பாசல் நகரில் வேலை செய்தபோது இதைக் காட்டிய ஜப்பானியர் தொனேகாவா 1987இல் நோபல் பரிசு பெற்றார்.

குலுக்கி அடுக்கினால் பிழையானவையும் வரும்தானே? சில கலங்கள் எங்கள் உடம்பையே அந்நியமென்று எண்ணித் தாக்கக்கூடும். அதற்குத் தரப் பரிசோதனை உண்டு. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமசு என்ற ஒரு சுரப்பி இருக்கிறது. ரி கலங்கள் அங்கேதான் பழகுகின்றன. சொந்த உடம்பைத் தாக்கக்கூடியவையும், ஒன்றையும் அடையாளம் காணத் தெரியாதவையும் அங்கேயே கழிக்கப்படும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெளியே வருவதில்லை. எங்கள் பெல்ட்டில் அப்படிக் கழித்தால் முதலாளி அன்றைக்கே ஆலையை மூடிவிடுவார். இவ்வளவு பார்த்தும் சிலது தப்பி வந்துவிடுவதுண்டு. சில மூட்டுவாத நோய்களும், பிள்ளைகளுக்கு வரும் முதலாம் வகை நீரிழிவும் அப்படி வருபவை. தூசிக்கும் பூந்தாதுக்கும் தும்மல் வருவதோ வேறு கதை. தீங்கில்லாத பொருளுக்கு இந்த ஏற்பாடு அளவுக்கு மீறித் துள்ளுவது அது. ஆகவே "எதிர்ப்புச் சக்தியை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு நல்லது" என்று சொல்லித் தூளும் குளிசையும் விற்க வருபவர்களிடம் கவனமாக இருங்கள். இது கூட்டிக்கொண்டே போகும் சாமான் இல்லை. அளவோடு இருக்க வேண்டியது. நல்ல சாப்பாடு, நித்திரை, புகைக்காமை, இவ்வளவும் இருந்தால் அது தன் வேலையைப் பார்க்கும். கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் அது ஊசிக்குப் பதில் இல்லை.

இனி ஒரு கிருமி உள்ளே வந்தால் என்ன நடக்கும்? கிருமியை விழுங்கின சில கலங்கள் அதன் துண்டொன்றைத் தூக்கிக்கொண்டு கிட்டடியிலுள்ள நிணநீர்க்கணுவுக்குப் போகின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது என்று சொல்வோமே, அந்த நெறிதான் நிணநீர்க்கணு. அங்கே பொருத்தமான கலம் கிடைக்கும்வரை தேட்டம் நடக்கும். கிடைத்ததும் அந்த ஒரு கலம் இரண்டாகி, நான்காகி, ஆயிரமாகிப் பெருகும். நெறி வீங்குவது அதனால்தான். பி கலங்கள் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். இவை ஆங்கில வை எழுத்துப் போன்ற சின்னப் புரதங்கள். கிருமியில் போய் ஒட்டி அதைச் செயலிழக்கச் செய்யும். ரி கலங்களில் ஒரு வகை, வைரசு புகுந்த கலங்களைத் தேடி அழிக்கும். இன்னொரு வகை மற்றக் கலங்களுக்கு உதவியும் உத்தரவும் கொடுக்கும். எச்.ஐ.வி. வைரசு இந்த உதவிக் கலங்களைத்தான் கெடுக்கிறது. மருந்து எடுக்காவிட்டால் மற்ற எல்லா ஏற்பாடும் அதனால் விழுந்துபோகிறது.

இந்தத் தேட்டத்துக்கும் பெருக்கத்துக்கும் ஒரு கிழமை, பத்து நாள் பிடிக்கும். அந்தப் பத்து நாளில்தான் நாங்கள் படுக்கையில் கிடக்கிறோம். சில கிருமிகள் அந்தப் பத்து நாளுக்குள் ஆளை முடித்தும் விடும். ஆனால் வென்ற பிறகு பெருகின கலங்கள் எல்லாம் செத்துப்போவதில்லை. ஒரு பகுதி ஞாபகக் கலங்களாகத் தங்கிவிடும். அதே கிருமி திரும்ப வந்தால் தேட்டம் குறைவு, சில நாளிலேயே முன்னையைவிடப் பல மடங்கு பிறபொருளெதிரி வந்துவிடும். பெரும்பாலும் வந்ததே எங்களுக்குத் தெரியாது.

எங்கள் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. வீட்டில் அம்மாள் வருத்தம் வந்தால் வாசலில் வேப்பிலை கட்டுவினம். கண்டதைக் கண்டவர் உள்ளே வர மாட்டார்கள். "ஏற்கெனவே வந்த ஆக்கள் பக்கத்தில இருந்து பாக்கட்டும்" என்பார்கள். அதன் விளக்கம் ஞாபகக் கலம்.

இதை முதலில் சரியாகக் கணக்கெடுத்தவர் ஓர் இளம் டெனிஷ் வைத்தியர். பீற்றர் லுட்விக் பானும் என்பது பெயர். வட அத்திலாந்திக்கில் பரோ தீவுகள் என்ற குளிர்ந்த தீவுக் கூட்டம் இருக்கிறது. அங்கே 1781இல் சின்னமுத்து வந்து போனது. பிறகு 65 வருடம் அந்த வருத்தம் அந்தப் பக்கமே வரவில்லை. 1846இல் கப்பலோடு திரும்ப வந்தது. ஏறக்குறைய 7,800 பேர் வாழ்ந்த தீவுகளில் 6,000 பேர் வரை படுத்தார்கள். பானும் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். 1781இல் வருத்தம் வந்து பிழைத்த கிழவர் கிழவிகள் பலர் அப்போது உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அது இரண்டாந்தரம் தொடவில்லை என்று எழுதினார். 65 வருடம் அந்தக் கிருமியைக் காணாமலே உடம்பு அதை ஞாபகம் வைத்திருந்தது.

இன்னொரு சாட்சியும் உண்டு. 1918இல் உலகத்தை உலுக்கிய ஸ்பானியக் காய்ச்சல் காலத்தில் பிள்ளைகளாக இருந்த 32 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2008இல் வெளியானது. அவர்களுக்கு அப்போது 91 முதல் 101 வயது. எல்லோருடைய இரத்தத்திலும் அந்தப் பழைய வைரசை அடையாளம் காணும் பிறபொருளெதிரி இருந்தது.

தடுப்பூசி என்பது இந்த ஞாபகத்தை வருத்தப்படாமலே உண்டாக்குவது. பலவீனமாக்கின கிருமியையோ, செத்த கிருமியையோ, அதன் ஒரு துண்டையோ காட்டினால் போதும். நெறிக்குள் அதே தேட்டமும் பெருக்கமும் நடந்து ஞாபகக் கலங்கள் தங்கிவிடும். கொரோனாக் காலத்தில் வந்த ஓர் ஊசி, துண்டைச் செய்யும் குறிப்பை மட்டும் கொடுத்து எங்கள் கலங்களையே அதைச் செய்ய வைத்தது. 2020இல் அதை உருவாக்கிய மைன்ஸ் நகர நிறுவனத்தை நடத்தியவர் ஊர் சாகின். துருக்கியிலிருந்து நான்கு வயதில் ஜேர்மனிக்கு வந்தவர். அவருடைய தகப்பன் கொலோனில் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எங்கட பிள்ளைகள் இதைக் கவனிக்க வேணும்.

எல்லா வருத்தத்துக்கும் ஞாபகம் ஒரே மாதிரி நிலைப்பதில்லை. சளிக்காய்ச்சல் வைரசு, அதாவது இன்புளுவென்சா, தன் முகத்தை மாற்றிக்கொண்டே வருவதால் வருடா வருடம் புதிய ஊசி வருகிறது. ஏற்புவலி இன்னொரு விதம். அந்தக் கிருமியின் நஞ்சு மிகச் சிறிய அளவிலேயே கொல்லக்கூடியது. அந்த அளவு ஞாபகம் உண்டாக்கப் போதாது. ஆகவே வருத்தம் வந்து பிழைத்தவருக்கும் ஊசி வேண்டும். பத்து வருடத்துக்கு ஒருதரம் புதுப்பிக்க வேண்டும். இரும்பு, கத்தி, தோட்டம் என்று வேலை செய்யும் அண்ணாமார் உங்கள் கடைசி ஏற்பு ஊசி எப்போது போட்டது என்று இன்றைக்கே பாருங்கள்.

இனிச் சின்னமுத்துக்குத் திரும்ப வருகிறேன். "அது சின்னப் பிள்ளையளுக்கு வாறதுதானே, வந்து போகட்டும்" என்று சொல்லுபவர்கள் உண்டு. அந்த வைரசு ஆள் போன அறையின் காற்றில் இரண்டு மணித்தியாலம் வரை இருக்கும். நிர்ப்பீடனம் இல்லாத பத்துப் பேர் நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்குத் தொற்றும். நுரையீரல் அழற்சியும் மூளை அழற்சியும் வரலாம். 2019இல் சமோவாத் தீவில் ஊசி போட்டவர் தொகை குறைந்திருந்த நேரம் சின்னமுத்துப் பரவி 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள். இன்னொரு தீமையும் அதே வருடம் தெளிவானது. நெதர்லாந்தில் ஊசி போடாத 77 பிள்ளைகளின் இரத்தத்தை, சின்னமுத்து வருமுன்னும் வந்த பின்னும் சோதித்தார்கள். மற்றக் கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த பிறபொருளெதிரிகளில் 11 தொடக்கம் 73 சதவீதம் வரை அழிந்திருந்தது. வைரசு ஞாபகக் கலங்களுக்குள்ளேயே புகுந்து அவற்றைக் கெடுக்கிறது. பிள்ளை எழும்பி விளையாடும், ஆனால் அதன் உடம்பு படித்த பாடத்தில் ஒரு பகுதி போயிருக்கும். ஊசி போட்ட பிள்ளைக்கு இந்த இழப்பு வருவதில்லை.

"ஊசி போட்டால் பிள்ளைக்கு ஓட்டிசம் வருமாம்" என்ற பயத்தையும் நான் கேட்டிருக்கிறேன். பெற்றோர் பயப்படுவதில் குற்றம் இல்லை. அந்தக் கதை 1998இல் இங்கிலாந்தில் 12 பிள்ளைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. 2010இல் அந்தச் சஞ்சிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. எழுதிய வைத்தியரின் பதிவும் அதே வருடம் நீக்கப்பட்டது. பிறகு டென்மார்க்கில் 6 இலட்சத்து 57 ஆயிரம் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கு ஓட்டிசம் கூடியதாக இல்லை.

பிள்ளை வளரட்டும் என்று ஏன் பொறுக்கக் கூடாது? பிறக்குமுன்பே தாயின் பிறபொருளெதிரிகள் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கு வருகின்றன. தாய்ப்பாலும் இன்னொரு வகையைக் கொடுக்கிறது. ஆனால் தாய் தந்தது கடன்தான், ஞாபகம் இல்லை. முதல் வருடத்துக்குள் அது கரைந்துவிடும். ஆகவேதான் ஜேர்மனியில் சின்னமுத்து ஊசியின் முதல் தடவை 11 மாதத்திலும் இரண்டாம் தடவை 15 மாதத்திலும் என்று வைத்திருக்கிறார்கள். இரண்டும் போட்டால் நூற்றுக்கு 97 பேருக்குப் பாதுகாப்பு. 2020 மார்ச்சில் வந்த சட்டத்தின்படி கிண்டர்கார்டனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இதற்குச் சான்று காட்டவும் வேண்டும்.

கடைசியாக, அட்டை தொலைத்த எங்களுக்கு என்ன வழி? இந்த நாட்டின் விதி இதுதான்: எழுத்தில் இல்லாத ஊசி போடாத ஊசியாகவே கணிக்கப்படும். கேட்க மனவருத்தமாக இருக்கும். அம்மா எங்களைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்று போட்ட ஊசி கணக்கில் இல்லையாம். ஆனால் உடம்பின் பக்கத்திலிருந்து பாருங்கள். முன்பே போட்டிருந்தால், திரும்பப் போடுவது ஞாபகக் கலங்களுக்கு அதே முகத்தை இன்னொருதரம் காட்டுவது மட்டும்தான். ஏற்பு ஊசியென்றால் கை கொஞ்சம் கூட வீங்கக்கூடும், அதை டொக்டருக்குச் சொல்லிவிடுங்கள். போடாமல் விடுபட்டிருந்தால் இப்போது கிடைக்கும். 1970க்குப் பிறகு பிறந்து, போட்டது தெரியாத வளர்ந்தவர்களுக்குச் சின்னமுத்து ஊசி ஒருதரம் போடும்படி இங்கே சிபாரிசு செய்கிறார்கள். காப்புறுதி செலவை ஏற்கும். பிள்ளை பெற எண்ணியிருக்கும் தங்கச்சிமார் கர்ப்பமாகுமுன் கேட்டு முடித்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் அந்த ஊசி போட முடியாது.

இன்னும் ஒரு வார்த்தை. புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றினவர்கள், பிறந்த குழந்தைகள், இவர்களுக்கு இந்த ஊசி போட முடியாது. அவர்களைச் சுற்றியிருக்கும் நூறு பேரில் 95 பேருக்கு நிர்ப்பீடனம் இருந்தால் சின்னமுத்து அவர்களிடம் போக வழி கிடைக்காது. நாங்கள் ஒவ்வொருவரும் அந்த வேலியில் ஒரு கதியால்.

அடுத்த கிழமை உங்கள் வீட்டு டொக்டரிடம் போகும்போது மஞ்சள் நிற ஊசிப் புத்தகத்தைக் கொண்டு போங்கள். இல்லாதவர்கள் புதிதாக ஒன்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். டொச் கதைக்கச் சங்கடமாக இருந்தால் சங்கத்தில் சொல்லுங்கள். என்னுடைய காலைச் சிப்ட் இரண்டு மணிக்கு முடியும், அதற்குப் பிறகு நானும் கூட வருவேன்.

 பிறக்கும் புத்தாண்டு உங்கள் வீடுகளில் சுகமாகப் பிறக்கட்டும்.